கிறுகு

மேடையில் பத்தொன்பது கிண்ணங்களை அடுக்கியிருந்தார்கள்.
இரண்டுக்குக் காது இல்லை.
ஒன்றில் வருசம் அழிந்திருந்தது.
அதிபர் ஒவ்வொன்றாய் வாசித்தார்:
வலயம், மாவட்டம், மாகாணம்,
அகில இலங்கை இரண்டாம் இடம்.
அந்த இரண்டாம் இடம் என்னுடையது.

பவளராணி மிஸ்ஸின் கரப்பந்து அணியில்
மூன்று வருசம் நான் வாங்கில் இருந்தேன்.
துசாந்தினிக்குத் தெரிந்தது அவவின் குரல்.
பிரபாலினிக்குத் தெரிந்தது விசில்.
எனக்குத் தெரிந்தது வலது முழங்கால்.
புள்ளி இருபதைத் தாண்டினால்
சாரிக்குள் அது நடுங்கத் தொடங்கும்.
முகத்தில் ஒன்றும் இராது.
எதிரணிப் பயிற்றுநர்கள்
முகத்தைப் பார்த்தே ஏமாந்தார்கள்.

தம்பிலுவில் மணலில் பந்து துள்ளாது,
அதனால்தான் எங்கள் பிள்ளைகள்
பந்தை நிலம் தொட விடுவதில்லை
என்றார் ஒரு பேச்சாளர். கை தட்டினார்கள்.
இருந்தது மொத்தம் மூன்று பந்து, அதுதான் காரணம்.
கை தவறினால் முகாம் வேலிக்குள் உருண்டுவிடும்.
கம்பிக்கு அப்பால் போனதை
அவவே போய்க் கேட்பா,
அரைகுறைச் சிங்களத்தில்,
அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி.
ஒருமுறை பந்து
காற்று நிரப்பித் திரும்பி வந்தது.
யார் நிரப்பினது என்று நாங்கள் கேட்கவில்லை.

சேர்வ் கைக்கு வந்ததும்
"கிறுகுங்க புள்ளயள்!" என்று கத்துவா.
குருநாகலில் யாழ்ப்பாணத்து அணியொன்று
அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது.
"திரும்பு எண்டு சொல்லலாமே, மிஸ்?"
"திரும்பினா வந்த வழி.
கிறுகினா அடுத்த இடம்" என்றா.
எந்த அகராதியில் அப்படி இருக்கிறதோ.
பின்னேரம் அவர்களை நேர் செட்டில் வென்றோம்.

மறுநாள் இறுதியாட்டம். நாலாம் செட்.
இருபத்துமூன்றுக்கு இருபத்துநாலு.
என்னைப் பார்க்காமலே "போ" என்றா.
எழும்பினேன். இருந்திருந்து கால் விறைத்திருந்தது.
எறிந்தேன், அடித்தேன்.
வலையின் வெள்ளைப் பட்டியில் பட்டு
எங்கள் பக்கமே விழுந்தது.

முந்தின வருசம் வரைக்கும்
சேர்வ் பிழைத்தால் பந்துதான் போகும்,
புள்ளி போகாது.
அந்தப் புதுச் சட்டம் போட்டவனை
நெடுங்காலம் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன்.

மகியங்கனை வளைவுகளில் பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள்.
எல்லாருக்கும் தேசிக்காய் வெட்டித் தந்தா. எனக்கும்.
பேச்சு மட்டும் இல்லை.
பதினொரு நாள்.
பன்னிரண்டாம் நாள் விடியவே வரச் சொல்லி
மூன்று பந்தையும் என் காலடியில் போட்டா.
"முழங்கை தாழுது. காதில உரசோணும். நூறு."
இடாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டா.
நூறு அடித்தேன்.
எண்ண ஆள் இல்லை.
தொண்ணூற்றாறோ என்று இப்போதும் ஒரு சந்தேகம்.

அடுத்த வருசம், அதே புள்ளி,
மறுபடியும் நான் என்று
கதையை முடித்தால் நன்றாயிருக்கும்.
முடிக்க முடியாது. வாங்கிலேயே இருந்தேன்.
அதே புள்ளி வரத்தான் செய்தது.
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அனுப்பினா.
வென்றோம்.
நான்தான் முதலில் எழும்பிக் கத்தினேன்,
அந்த முழங்கால்
நின்றுபோனதையும் பார்த்துக்கொண்டு.

கூட்டம் கலைந்தது.
மாலையைக் கழற்றியபடி இறங்கி வந்தா.
இருபத்துமூன்று வருசம்.
என் பெயர் மறந்திருந்தது.
கிட்ட வந்து வலது தோளைப் பிடித்துப் பார்த்தா,
சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல.
"என்னகா, இன்னும் தாழுதா?"

பொத்துவில் வீதியில்
அக்கரைப்பற்று பஸ்ஸுக்குக் கை காட்டினேன்,
முழங்கை காதில் உரச.
நிற்காமல் போனது.
அடுத்ததுக்கும் அப்படியே நின்றேன்.